காலத்தை வென்று நிற்கும் பெண்பெயர்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருவழியில், திருவள்ளூரைக் கடந்து திருத்தணியை அடைவதற்கு முன்னர்க் கனகம்மாசத்திரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வழிச் செல்லும் பேருந்துகளின் நடத்துநர்கள் நாள்தோறும் அவ்வூர்ப் பெயரை உரக்கக் கூவுகின்றனர். ஏறுவோர் அப்பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகின்றனர். தாம் சொல்வது ஒரு பெண்ணின் பெயர் என்னும் நினைவு அவர்களுள் எத்தனை பேருக்கு இருக்குமோ, நாம் அறியோம். ஆயினும் அப்பெயர் சொல்லப்படாத நாள் இல்லை.

வழிநடைப் பயணிகள் தங்கி இளைப்பாறவும் பசியாறவும் அறச்சிந்தை உடையோர் சத்திரங்களை நிறுவியது நம் நாட்டுப் பழைய வழக்கம். பெண்பெயர் தாங்கிய சத்திரங்கள் தமிழகத்தில் வேறும் உண்டு. மதுரையில் மங்கம்மாள் சத்திரமும், ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரமும், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும் யாவரும் அறிந்தவை. இவற்றுள் முதலாவது நாயக்கர் அரசியின் பெயர் தாங்கியது; ஏனையவை தஞ்சை மராட்டிய அரண்மனையோடு தொடர்புடையவை. கனகம்மா என்னும் பெயரிலோ அரசிக்குரிய பட்டம் எதுவும் இல்லை. வீட்டார் கூப்பிட்ட பெயர் கூப்பிட்டபடியே ஊர்ப்பெயராய் நிற்கிறது. ஒருநாள் தொட்டிலைச் சுற்றி நின்ற உற்றார், அக்குழவியின் செவியருகே சொல்லிய பெயர் அதுவாகத்தானே இருந்திருக்க வேண்டும்!

பெண்மகவு பிறந்த வீட்டார், என்றும் பழமை எய்தாத நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள் என்று தமிழ்த்துறையை நாடி வருவது உண்டு. மாணவரும் தம் உடன்பிறந்தாரின் மகவுக்காகக் கேட்பர். உடனே அகராதியைப் புரட்டி, அழகிய பொருளும் இனிய ஓசையும் உடைய சொற்களைத் தொகுத்துக் கொடுத்துவிடலாம். அவ்வாறு நாமும் கொடுத்ததுண்டு. ஆயினும் ஒரு பெயரைக் காலத்தைக் கடந்து நிற்கச் செய்வது எது என்னும் வினா அகராதிக்குள் அடங்குவதன்று. அதனைக் கனகம்மாசத்திரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இடுகுறியும் காரணமும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் எனவும் காரணப்பெயர் எனவும் பகுத்துக் காட்டுவார் நன்னூலார். காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. காரணம் பற்றி வந்தது காரணப்பெயர். பள்ளி வகுப்பிலேயே கற்ற இலக்கணம்தான். அதனை மக்கட்பெயருக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கனகம் என்பது பொன். அப்பெயரை இட்ட நாளில் அக்குழந்தைக்கும் பொன்னுக்கும் என்ன தொடர்பு? பெற்றோர் மனத்தில் இருந்த ஆசை ஒன்றே தொடர்பு. மற்றபடி அது இடுகுறியே. வழிப்போக்கர்க்கு நிழலும் உணவும் தந்த இடம் ஒன்று அவள் பெயரைத் தாங்கி நின்றபோதுதான் அப்பெயர்க்குக் காரணம் பிறந்தது. பெயரிடும்போது இடுகுறியாய் இருந்தது, வாழ்ந்தபின் காரணப்பெயராயிற்று என்க. பெயர்க்குப் பொருள் தருவதில் பெற்றோர்க்கு உள்ளது பாதிப் பங்குதான்; மறுபாதி அப்பெயரைத் தாங்குபவள் கையில் உள்ளது.

கனகம்மா என்னும் வடிவத்தில் மற்றொரு சிறப்பும் உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிப்பவை. திருத்தணிப் பகுதி மொழிவழி எல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960 ஏப்ரல் முதல் நாளில் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை எவ்வாறு மாறினும் கனகம்மா என்னும் பெயரைத் தமிழரும் மாற்ற வேண்டியதில்லை, தெலுங்கரும் மாற்ற வேண்டியதில்லை. இரு மொழியார் நாவிலும் தடையின்றிப் புரளும் பெயர் அது.

ஆலங்காடும் பழையனூரும்

கனகம்மாசத்திரத்திற்கு அருகிலேயே திருவாலங்காடு அமைந்துள்ளது. ஐந்து சபைகளுள் இரத்தினசபை எனப்படும் சிவத்தலம் இது. முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரை இக்கோயிலுக்குக் கொடையாக அளித்ததைக் கூறும் செப்பேடுகளால் வரலாற்று மாணவரும் இவ்வூரை அறிவர். காரைக்காலில் வணிகர் குடியில் பிறந்த பெண்மகவுக்குப் பெற்றோர் புனிதவதி என்று பெயரிட்டதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் கூறுகிறார். அப்பெண்ணே பின்னாளில் ஆலங்காட்டை அடைந்து, அங்கேயே தங்கிவிட்ட காரைக்கால் அம்மையார். பெற்றோர் இட்ட புனிதவதி என்னும் அழகிய பெயரைப் புலவரே அறிவர்; உலகம் அறிந்தது அம்மையார் என்னும் பெயரையே. அவரோ தம் பாடல்களில் தம்மைப் பேய் என்றே குறித்துக்கொண்டார். தாழ்வான சொல்லைத் தாமே ஏற்றும் அவர் பெருமை குன்றவில்லை. இதனைச் சைவ வரலாறாக மட்டும் கொள்ளாது, பெயரின் வரலாறாகவும் நோக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதை அருகிலுள்ள பழையனூரிலேயே உண்டு. பழையனூர் நீலியின் கதையைக் கேளாதார் இலர். கணவனால் கொலையுண்ட பெண், பேயுருக்கொண்டு வந்து பழிதீர்த்தாள் என்பதும், அவளால் இடர் நேராது என்று வணிகனுக்கு வாக்களித்த வேளாளர் எழுபதின்மர் அவன் மாண்டபின் சொற்காக்கத் தீப்பாய்ந்தனர் என்பதும் அக்கதை. வாக்குத் தவறாத வேளாளரை நாடு போற்றியது, தக்கதே. ஆனால் நீலி என்னும் பெயரை மொழி என்ன செய்தது? பொய்யழுகைக்கு 'நீலிக்கண்ணீர்' என்று பெயர் வைத்தது. கொலை செய்தவன் பெயர் எந்த மரபுத்தொடரிலும் ஏறவில்லை. கொலையுண்டவள் பெயர் ஏறிற்று. நீலம் இனிய நிறம். நீலி கொற்றவைக்குரிய பழைய பெயர். எனினும் இன்று தம் மகளுக்கு நீலி என்று பெயரிடத் தமிழ்ப் பெற்றோர் துணியார். பெயரில் குற்றமில்லை, அதன்மேல் ஏற்றப்பட்ட கதையே குற்றம்.

ஆனால் இக்கதை இங்கு முடியவில்லை. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் தலைவியும் பழையனூர் நீலியே. சமண முனிவரை அச்சுறுத்த வந்தவள், அவரிடம் அறங்கேட்டு மாறிப் பல சமயத்தாரோடும் சொற்போர் நிகழ்த்தும் தருக்கவல்லாளாக ஆகின்றாள். ஒரே பெயர் ஓரிடத்தில் பேய்க்கும் மற்றோரிடத்தில் அறிவாட்டிக்கும் உரியதாயிற்று. தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து அகரவரிசை செய்தவர். அவர் பெயரின் முதற்பகுதியும் இந்த நீலமே அன்றோ!

திருத்தணி மலைக்கோயிலுக்குரிய வள்ளியின் கதையும் பெயரிடு கதையே. வள்ளிக்கிழங்கு அகழ்ந்தெடுத்த குழியில் கிடந்த பெண்குழவியை எடுத்து வளர்த்த வேடர் தலைவன், அக்கிழங்கின் பெயரையே அவளுக்கு இட்டான் என்பது கந்தபுராணம் கூறும் மரபு. குழியில் கண்டெடுத்த பிள்ளை. உணவாகும் கிழங்கின் பெயர். அதைவிட எளிய பெயர் இருக்க இயலாது. வந்த குழந்தையை வரவேற்ற பெயர் ஆதலின் அது இன்றுவரை நாடெங்கும் இடப்படுகிறது.

'வேண்டாம்' என்னும் பெயர்

வள்ளியைப் போற்றும் அதே திருத்தணி வட்டாரத்தில் நாராயணபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. 2019-ஆம் ஆண்டில் அவ்வூர் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. பெண்குழந்தைகளே அடுத்தடுத்துப் பிறந்த வீடுகளில், கடைசிப் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று பெயரிடும் வழக்கம் அங்கு இருந்துவந்ததை அச்செய்திகள் எடுத்துரைத்தன. அவ்வாறு பெயரிட்டால் அடுத்த குழந்தை ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கையாம். அப்பெயர் தாங்கிய மாணவி ஒருவர் பொறியியல் பயின்று, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் நல்ல ஊதியத்துடன் வேலைக்குத் தேர்வு பெற்றதாலேயே இவ்வழக்கம் வெளியுலகின் கண்ணில் பட்டது. அவர் தேர்வு பெறாதிருந்தால் நாம் இதனை அறிந்திருக்கவும் மாட்டோம்.

இலக்கணம் பயிற்றுவோர்க்கு இப்பெயர் ஒரு வியப்பு. 'வேண்டாம்' என்பது பெயர்ச்சொல்லே அன்று, எதிர்மறை வினைமுற்று. தென்மாவட்டங்களில் கேட்கப்படும் 'போதும்பொண்ணு' என்பதிலும் வினைமுற்றே முன்னிற்கிறது. ஆயினும் அதில் பொண்ணு என்னும் சொல்லாவது எஞ்சியுள்ளது. 'வேண்டாம்' என்பதில் குழந்தையைச் சுட்டும் எழுத்தொன்றும் இல்லை. இன்னும் பிறவாத தம்பிக்கு விடுத்த செய்தியைப் பிறந்துவிட்ட அக்காளின் மேல் எழுதி வைத்தது போன்றது அப்பெயர். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து 'வேண்டாம்' என்று படிக்க, அச்சிறுமி எழுந்து 'உள்ளேன் ஐயா' என்று விடை சொல்வதை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு இருநூறு நாள், பன்னிரண்டு ஆண்டு அவ்வாறு சொல்ல வேண்டும்.

இழிவாக ஒலிக்கும் பெயர் அனைத்தையும் இதனோடு சேர்த்துவிடலாகாது. முன்பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயர், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்றும் குப்புசாமி என்றும் பெயரிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. பிச்சை, பிச்சையம்மாள் என்னும் பெயர்களும் அத்தகையனவே. நம் சமுதாயத்திலும் பிச்சை, பக்கீர் என்று தொடங்கும் பெயர்கள் உண்டு. யமனின் கண்ணிலும் ஊராரின் கண்ணிலும் படாது பிள்ளையைக் காக்க எளிய பெயரால் மூடி வைத்தனர் அத்தாயர். அந்நம்பிக்கை மார்க்கத்திற்கும் அறிவுக்கும் ஒவ்வாதது என்பது வேறு. ஆனால் அப்பெயருக்குள் இருந்தது 'எப்படியாவது நீ வேண்டும்' என்னும் தவிப்பு. குப்பம்மாளும் வேண்டாமும் செவிக்கு ஒருதன்மையனவாய்த் தோன்றலாம். பொருளால் அவை வடதுருவமும் தென்துருவமும் ஆவன.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. மராட்டிய மாநிலம் சதாரா மாவட்டத்தில், வேண்டாதவள் என்னும் பொருளில் நகுசா என்று பெயரிடப்பட்டிருந்த சிறுமியர் 285 பேருக்கு 2011 அக்டோபர் 22-இல் அரசு அலுவலர் முன்னிலையில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். புதுப்பெயர் எழுதிய சான்றிதழ்களை அவர்கள் பெற்றுக்கொண்டனர். ஒரு மாவட்டத்தில் இத்தனை பேர் என்னும் எண் திகைக்கச் செய்கிறது.

மார்க்கம் காட்டும் நெறி

பெண்மகவு பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, இழிவுடன் வைத்துக்கொள்வதா மண்ணில் புதைப்பதா என்று எண்ணிய அறியாமைக்கால மாந்தரைத் திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயம் கண்டிக்கின்றது. உயிருடன் புதைக்கப்பட்ட பெண்குழந்தை எக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று அவளிடமே வினவப்படும் நாளை எண்பத்தொன்றாம் அத்தியாயம் நினைவூட்டுகின்றது. இவற்றைப் பலரும் மேடைகளில் எடுத்துரைப்பர். ஆனால் பெண்குழந்தை ஒன்றுக்குப் பெயரிடும் காட்சியையே திருமறை காட்டுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாம் அத்தியாயமாகிய ஆலு இம்ரானில் அக்காட்சி உள்ளது. இம்ரானின் மனைவியார் தம் வயிற்றிலுள்ள குழந்தையை இறைபணிக்கென நேர்ந்துகொள்கிறார். பிறந்ததோ பெண். இறைவா, நான் பெண்ணைப் பெற்றுவிட்டேனே என்கிறார். அக்குரலில் எதிர்பாராமையும் கலக்கமும் இருக்கலாம். ஆயினும் அடுத்த மூச்சிலேயே, அவளுக்கு மர்யம் எனப் பெயரிட்டுள்ளேன் என்றும், அவளையும் அவள் வழித்தோன்றலையும் உன் காவலில் விடுகிறேன் என்றும் கூறுகிறார். எதிர்பார்த்தது வேறாயினும், வந்தவளுக்கு முதலில் தந்தது பெயரும் துஆவும். பெயரிட்டவரும் தாயே. திருமறையில் இயற்பெயரால் சுட்டப்படும் பெண்மணி அம்மையார் ஒருவரே. பத்தொன்பதாம் அத்தியாயம் அவர் பெயராலேயே வழங்குகிறது. கிறித்தவர் மரியாள் என்பர்; மேலைநாட்டார் மேரி என்பர்; நம் இல்லங்களில் மரியம் பீவி என்பர். காலம் கடந்த பெண்பெயர் ஒன்று காட்டுக என்றால் இதனைவிட வேறு காட்ட வேண்டியதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயர் மாற்றிய நிகழ்ச்சிகளும் நம் வினாவுக்கு விடை பகர்வன. ஆஸியா என்னும் பெயருடைய பெண்ணுக்கு, நீ ஜமீலா எனப் பெயர் மாற்றிய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிம் தருகின்றது. அங்கு ஆஸியா என்றால் மாறு செய்பவள். ஜமீலா என்றால் அழகியவள். தீய பொருள் தரும் பெயரை வளர்ந்தபின்னும் மாற்றலாம், மாற்றுவதே நன்று என்பது இதனால் பெறப்படும். மற்றொரு செய்தி இதனினும் நுட்பமானது. பர்ரா என்னும் பெயருக்கு நற்செயல் உடையவள் என்பது பொருள். நல்ல பெயர்தானே என்று நாம் எண்ணுவோம். அதனையும் பெருமானார் ஸைனப் என மாற்றினார்கள். தற்புகழ்ச்சி போல் ஒலிப்பது அதற்குக் காரணமாயிற்று. மகளைத் தாழ்த்தும் பெயரும் ஆகாது. அவள் வாழுமுன்னரே அவளுக்குச் சான்றிதழ் வழங்கிவிடும் பெயரும் ஆகாது. உலகையே ஆள்பவள், அறிவின் எல்லை என்றெல்லாம் பொருள்படும் நீண்ட பெயர்களை இன்று தேடுவோர் இதனைச் சற்றே கருதலாம்.

எழுத்தும் நாவும்

ஈண்டுத் தமிழ்த்துறையினர் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாறு செய்பவள் என்னும் பொருளுடைய ஆஸியா அரபியில் ஐன் என்னும் எழுத்தில் தொடங்கி ஸாத் என்னும் எழுத்தை உடையது. ஃபிர்அவ்னின் மனைவியாராய் இருந்தும் இறைநம்பிக்கையில் உறுதியாய் நின்ற ஆஸியா அம்மையாரின் பெயரோ அலிஃபில் தொடங்கி ஸீன் என்னும் எழுத்தை உடையது. அரபியில் அவை இருவேறு பெயர்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே! பெருமானார் நீக்கிய பெயரும், முஸ்லிம்கள் போற்றும் பெயரும் நம் எழுத்தில் ஒரே வடிவம் பெறுகின்றன. கீழக்கரையில் மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றிய ஆசியா உம்மாவின் பெயரைக் கேட்டு எவரும் மாறு செய்பவள் என்று பொருள் கொள்வதில்லை. அவ்வம்மையாரின் வாழ்வும் பாட்டும் பொருளை நிலைநாட்டிவிட்டன. ஆயினும் புதிதாகப் பெயரிடுவோர் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து அரபுப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் இடர்ப்பட நேரும். அரபி அறிந்த ஆலிமிடமும், தமிழறிந்த ஆசிரியரிடமும் ஒருமுறை காட்டிவிடுதல் நன்று.

பிறமொழிப் பெயரைத் தமிழ் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதில் நம் முன்னோர் நாணவில்லை. உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் ஹலீமா அம்மையாரை அலிமா என்றும், கதீஜா நாயகியைக் கதீசா என்றும் பாடினார். அதனால் அவர்தம் மாண்பு குறைந்ததா? மக்கள் வழக்கோ புலவரையும் விஞ்சியது. ஃபாத்திமாவைப் பாத்துமுத்து ஆக்கியது; ஸைனபைச் செய்னம்பு ஆக்கியது. பீவி, நாச்சியார், உம்மாள், கனி என்னும் ஒட்டுகளைச் சேர்த்து அரபுப் பெயரைத் தமிழ்மகளாக்கியது. இளையான்குடியில் ஞானப்பாடல் பாடிய முஸ்லிம் பெண் புலவரின் பெயர் கச்சிப்பிள்ளையம்மாள். இன்று நம் மாணவியருள் ஒருவருக்கு அப்பெயர் இருந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்! அன்று அது இயல்பாய் இருந்தது. தமிழ்ப்பெயர், இசுலாமியப் பெயர் என்று இரு பெட்டிகள் செய்து வைத்துக்கொண்டு மயங்குவது பிற்காலத்தார் வழக்கு.

இன்று பெற்றோரை அலைக்கழிப்பது எண்கணிதம். பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து, ஓரெழுத்தை இரட்டித்தும் ஓரெழுத்தைக் குறைத்தும் எழுதுகின்றனர். தமிழ்க் குழந்தையின் பெயருக்கு ஆங்கில நெடுங்கணக்கை எண்ணிப் பலன் காண்பது எந்த நூல் கண்ட விதியோ! சகுனம் பார்த்தலை விலக்கிய மார்க்கத்தாரும் இதில் ஈடுபடுவதே வருத்தத்திற்குரியது. பிறகு அப்பிள்ளை பள்ளிச் சான்றிதழில் ஒருவகையாகவும், குடும்ப அட்டையில் ஒருவகையாகவும், கடவுச்சீட்டில் ஒருவகையாகவும் எழுதப்பட்டு அலுவலகந்தோறும் அலைவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

பெயர்த்தி என்னும் உறவு

மகனின் அல்லது மகளின் மகனைப் பேரன் என்கிறோம். மகளைப் பேத்தி என்கிறோம். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பெயர்த்தி என்பதே பேர்த்தியாகிப் பேத்தியாயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு இடுதலைச் சங்கப் பாடல்களிலேயே காண்கிறோம். உறவுமுறைச் சொல்லே பெயரிடு மரபிலிருந்து பிறந்திருப்பது தமிழின் சிறப்பு. பேத்தி என்று நாம் வாய்நிறைய அழைக்கும்போது, என் பெயருக்கு உரியவளே என்றுதான் அழைக்கிறோம்.

அரசர் குடியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. முதலாம் இராசராசன் தன் தமக்கையாகிய குந்தவையின் பெயரைத் தன் மகளுக்கும் இட்டான். அந்த இளைய குந்தவை வேங்கிநாட்டு விமலாதித்தனை மணந்து தெலுங்கு நாட்டு அரசியானாள். சிலப்பதிகாரம் காட்டும் பெயர்சூட்டு விழாவோ உருக்கமானது. முன்னோன் ஒருவனைக் கடலில் காத்த மணிமேகலா தெய்வத்தின் பெயரைக் கோவலன் தன் மகளுக்கு இடச் செய்தான். குலத்தைக் காத்ததற்கு நன்றி சொல்லும் பெயர் அது. கணிகையர் குலத்தில் பிறந்தாள் என்று அவன் பெயரில் சிக்கனம் செய்யவில்லை. பின்னர் அம்மகள் அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தாள். அவள் பெயராலேயே ஒரு காப்பியம் எழுந்தது. உண்டி கொடுத்ததனால் நின்ற பெயர் என்னும் வகையில் மணிமேகலையும் கனகம்மாவும் ஓரினம்.

நம் காலத்திலும் இதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. கீழக்கரையில் 1988-இல் தொடங்கப்பெற்ற மகளிர் கல்லூரி தாசிம் பீவியின் பெயரைத் தாங்கியது. இராமநாதபுரத்தில் செய்யது அம்மாள் பெயரால் கல்வி நிறுவனங்கள் நடைபெறுகின்றன. அக்கல்லூரிகளில் பயிலும் மாணவியரின் சான்றிதழ்களில் எல்லாம் அப்பெயர்கள் அச்சாகின்றன.

ஆகவே பெயர் கேட்டு வருவோரிடம் இப்போதெல்லாம் நாம் முதலில் சொற்பட்டியலைக் கொடுப்பதில்லை. வீட்டில் மூத்த பெண்மக்கள் பெயர் என்ன என்று கேட்கிறோம். உம்மம்மா என்றுதான் அழைப்போம், நன்னி என்றுதான் அழைப்போம், பெயர் தெரியாது என்பதே பெரும்பாலோர் விடை. தாயின் தாய்க்கே பெயர் தெரியாதபோது அவர்தம் தாயின் பெயர் யாருக்குத் தெரியும்? குடும்ப அட்டையில் பார்த்து வந்து சொல்லிய மாணவர் ஒருவர், இத்தனை அழகிய பெயரா என் நன்னிக்கு என்று வியந்தார். அப்பெயரையே அவர் அக்காள் மகளுக்கு இட்டனர். பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தால் அது புதுப்பெயரினும் புதிதாய் ஒலிக்கும். தெருமுனையிலிருந்து இரண்டு முறை உரக்க அழைத்துப் பாருங்கள் என்பதும் நாம் சொல்லும் மற்றொரு சோதனை. நா தடுமாறாது அழைக்க முடிந்தால் பக்கத்து வீட்டாரும் அப்பெயரைச் சிதைக்காமல் அழைப்பர்.

அவசரம் வேண்டியதில்லை. ஏழாம் நாளில் பெயரிடுதல் நம் மரபு. சட்டமும் காலம் தருகிறது. பிறப்பைப் பெயரின்றிப் பதிந்திருந்தால், பன்னிரண்டு மாதத்திற்குள் கட்டணமின்றியும், பின்னர்ப் பதினைந்து ஆண்டுவரை தாமதக் கட்டணம் செலுத்தியும் குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் உரிய ஆவணமாதலின், மருத்துவமனைப் படிவத்தில் அவசரமாக எழுதிய பெயர் வாழ்நாள் முழுதும் தொடரும். ஏற்கெனவே பதிந்துவிட்ட பெயர் வருத்தம் தருவதாயின், தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு அதனை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. 'வேண்டாம்' என்னும் பெயர் தாங்கிய பெண் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், விண்ணப்பம் எழுதித்தர நம் துறை மாணவர் ஆயத்தமாக உள்ளனர். அப்பெயரோடே வாழ்ந்து அதற்கு வேறு பொருள் தர அவர் விரும்பினால், அதுவும் அவருடைய உரிமையே.

மாணவர்க்கு ஒரு பயிற்சி தந்துள்ளோம். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது தாயின் தாய், அவர்தம் தாய், தந்தையின் தாய், அவர்தம் தாய் என நால்வர் பெயரையும், அப்பெயர் எதனால் இடப்பட்டது என்பதையும் கேட்டு எழுதிவர வேண்டும். கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து வருவோர் தெலுங்குப் பெயர்களையும் அவ்வாறே எழுதலாம். பேச்சுவழக்கு வடிவத்தைத் திருத்தாமல் அப்படியே குறிக்க வேண்டும். விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில் அத்தாள்களைத் துறைத்தலைவர் அறையில் ஒப்படைக்கலாம்.